கண்ட்ரோல் துணியும் கைப்பேசிச் சந்தையும்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. சீனத் தொடர்புள்ள 59 கைப்பேசிச் செயலிகளுக்கு இந்தியாவில் தடை. கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் உயிர் துறந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. ஊர் முழுவதும் டிக்டாக்கைப் பற்றியே பேச்சு. அதே பட்டியலில் ஷீயின், கிளப் பாக்டரி என்று இரண்டு பெயர்கள் இருந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இவை ஆட்டமும் பாட்டும் காட்டுகிறவை அல்ல. துணிமணி விற்கிற கடைகள். வாசற்படியும் கல்லாப் பெட்டியும் இல்லாவிட்டால் என்ன, கடை கடைதானே?

துணிக் கடையைச் சர்க்கார் சாத்தினால் வாங்குகிறவர் என்ன ஆகிறார் என்று யோசிப்பதற்குத் திருப்பூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இன்று அது பனியன் நகரம். ஆனால் காந்தியடிகள் காலத்தில் தமிழ்நாட்டுக் கதரின் தலைநகரமாக விளங்கிய ஊர் அது. 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி தடியடி பட்டு மாண்ட குமரனின் ஊர். அந்த நாட்களில் அந்நியத் துணியை ஜனங்கள் ஒதுக்கினார்கள். எந்தச் சர்க்காரும் சொல்லி அல்ல, சர்க்காரை மீறி ஒதுக்கினார்கள். முரட்டுக் கதரை அதிக விலை கொடுத்து வாங்கியவர் தாமே மனமொப்பி அந்த நஷ்டத்தை ஏற்றார். 2020இல் நடந்தது வேறு. வாங்குகிறவரின் பெயரால் சர்க்காரே ஒதுக்கியது. இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்காகச் சர்க்கார் துணிக் கடைக்குள் நுழைவது புதுமை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் பழைய மனிதர்கள் யாராவது இருந்தால் 'கண்ட்ரோல் துணி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் மில் துணியில் பெரும் பங்கு ராணுவத்துக்குப் போயிற்று. மற்றவர்களுக்கு மிஞ்சியதன் விலை பல மடங்கு ஏறிற்று. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அந்தக் காலத்தின் பெரிய கம்பெனிகள் மில்கள்தாம். அவற்றின் கழுத்தில்தான் கயிறு விழுந்தது. துணியின் மேலேயே விலையை முத்திரை குத்த வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் ஒரு விதி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கூட முத்திரையைக் காட்டி, "இதற்கு மேல் ஏன் கேட்கிறாய்?" என்று கடைக்காரரை மடக்கலாம். அருமையான யோசனை! ஆனால் மடக்குவதற்குக் கடையில் துணி இருக்க வேண்டுமே? முத்திரை விலைக்குரிய துணி பின்கட்டில் போய் ஒளிந்துகொண்டது. நூல் கிடைக்காமல் கைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள்.

காந்தியடிகளே கட்டுப்பாடுகளை எடுத்துவிடச் சொன்னார். 1948 ஜனவரியில் துணிக் கட்டுப்பாடு நீங்கியது. விலை பிடித்த பிடியில் ஏறியது. அந்த ஆண்டு பாதி கடந்ததும் கட்டுப்பாடு திரும்பி வந்தது. கயிற்றை இறுக்கியபோதும் வாங்குகிறவருக்குக் கஷ்டம், அவிழ்த்தபோதும் கஷ்டம். துணி குறைவாயிருந்ததே மூல காரணம். உத்தரவினால் ஒரு கஜம் துணிகூட நெய்ய முடியாது அல்லவா?

2020இல் துணிக்குப் பஞ்சம் இல்லை. ஆகவே கதை வேறு மாதிரி போயிற்று. திருப்பூர் ரயிலடிக்குப் பக்கத்தில் காதர்பேட்டை என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனும் டீ சர்ட்டும் அங்கே மொத்தமாகவும் சில்லறையாகவும் குவிந்து கிடக்கும். அங்கே ஒரு வியாபாரியிடம், அந்தச் செயலிகளைச் சாத்தியதால் விற்பனை கூடியதா என்று கேட்டேன்.

"கூடும்னுதானுங்க நெனச்சோம். மொதல்ல கொரோனாவுல கடையே தொறக்க முடியலீங்க. அப்புறம் பாத்தா, அந்தப் புள்ளைங்க ஒரு செயலிய உட்டுப்போட்டு இன்னொரு செயலிக்குப் போயிருச்சுங்க. இந்தப் பக்கம் வரலீங்க" என்றார்.

அவர் சொன்னது துணிக்கு மட்டும் பொருந்துவதல்ல. டிக்டாக் போன பத்தாம் நாளுக்குள், ஜூலை 8ந் தேதி, இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் திறந்தது. செப்டம்பரில் யூட்யூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒரு ராட்சதனை வெளியேற்றிய இடத்தில் ஏற்கெனவே இருந்த இரண்டு ராட்சதர்கள் இன்னும் சற்றுக் காலை நீட்டிக்கொண்டார்கள். தேசப் பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவைப் பனியன் வாங்குகிறவரின் தராசில் நிறுப்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். ஆனால் சுமந்தவரைப் பற்றி யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டாமா?

அதே ஆண்டு ஜூலை 23ந் தேதி, ஆரவாரமே இல்லாமல், இன்னோர் அறிவிப்பு வெளியாயிற்று: மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்குகிறவரின் சம்மதக் கட்டத்தில் கம்பெனியே முன்கூட்டி 'டிக்' போட்டு வைக்கக் கூடாது. 1943இன் முத்திரையுடைய பேரன் என்றே இதைச் சொல்லலாம். தாத்தாவைவிடப் பேரனுக்கு அதிர்ஷ்டம் அதிகம். பின்கட்டில் சரக்கை ஒளிக்க வேண்டிய காலம் இது அல்ல. டீ சர்ட் சாயம் போய்விட்டது என்று புகார் எழுதுகிற கல்லூரி மாணவிக்கு, 59 செயலிகளை மூடிய உத்தரவைவிட இந்த விதிகளால்தான் ஆதாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கடைகள் எல்லாம் நிற்கிற தெருவே ஒரு கம்பெனிக்குச் சொந்தமாயிருந்தால்? நம் நாட்டுக் கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவை கூகுளின் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2022 அக்டோபர் 20ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் ஆணையத்தின் கட்டளைகள் சில தள்ளுபடியாயின, அபராதம் நிலைத்தது. இந்த அபராதம் மத்திய சர்க்காரின் கஜானாவுக்குச் சேரும். கைப்பேசி வாங்கியவருக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது. அவருக்குக் கிடைத்தது, எந்தத் தேடுபொறி வேண்டும் என்று தாமே தேர்ந்துகொள்ளும் வசதி. அதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் பழகிய கடையை விட்டு அடுத்த கடைக்குப் போக நம்மில் எத்தனை பேருக்குக் கால் எழும்புகிறது?

2025 பிப்ரவரியில் ஷீயின் திரும்பி வந்தது, ரிலையன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு. வாடிக்கைக்காரர் விவரங்கள் இந்தியாவிலேயே இருக்கும், துணியும் இங்கேயே தைக்கப்படும் என்பது ஏற்பாடு. காதர்பேட்டை வியாபாரியிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம ஊர்ல தெச்சதுங்களா?" என்று கேட்டார்.

"இந்தியாவில் தைத்தது என்கிறார்கள்" என்றேன்.

அவர் கையிலிருந்த டீ சர்ட்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "அதிருக்கட்டுங்க, டீ சர்ட்டு என்ன வெலைக்குப் போட்டிருக்கறாங்க?" என்றார்.