ஆறாம் வேற்றுமையும் சக்கர நாற்காலியும்

ஆறாம் வேற்றுமையை நடத்தும்போது தற்கிழமை, பிறிதின்கிழமை என்னும் பாகுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 'முருகனது கை' என்றால் கை முருகனை விட்டுப் பிரியாது, அது தற்கிழமை. 'முருகனது வேல்' என்றால் வேலைக் கீழே வைத்துவிட்டு அவன் நடந்து போகலாம், அது பிறிதின்கிழமை. ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நடக்க முடியாதவருடைய சக்கர நாற்காலி எந்தக் கிழமை?" என்று கேட்டாள். பிறிதின்கிழமைதான் என்று சொல்லிவிட்டு ஏழாம் வேற்றுமைக்குப் போய்விட்டேன். பின்னர், சக்கர நாற்காலியில் வாழ்வோர் வானில் பறந்த வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், அவசரப்பட்டு விடை சொல்லிவிட்டோமே என்று உறைத்தது. அமெரிக்கச் சட்டம் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

அந்நாட்டில் 1973-இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டமும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது. அதற்கான விதிகளில் அரசு கையொப்பமிடாமல் இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே தங்கிப் போராடிய பிறகே கையொப்பம் கிடைத்தது. அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவர் ஜூடி ஹியூமன். இளம்பிள்ளைவாதத்தால் நாற்காலியில் வாழ்ந்த அவர், உடன் துணையாள் இல்லை என்பதற்காக 1970-களில் ஒரு விமானத்திலிருந்து இறக்கப்பட்டவர். இத்தகைய பயணியை ஏற்றுவதும் மறுப்பதும் அக்காலத்தில் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் விருப்பமாகவே இருந்தது.

504-ஆம் பிரிவு விமானங்களைக் கட்டுப்படுத்துமா? உச்ச நீதிமன்றம் வரை சென்ற இந்த வழக்கைத் தொடுத்தவர்கள் போரில் முடமாகித் திரும்பிய வீரர்களின் சங்கத்தார். 1986 ஜூன் 27 அன்று வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிரானது. அரசின் பணம் விமான நிலையங்களுக்குத்தான் போகிறது. ஓடுபாதையில் இறங்கும் நிறுவனங்கள் அப்பணத்தால் பயனடைவோரே அன்றிப் பெறுவோர் அல்லர் என்று நீதிபதி பாவல் எழுதினார். பயனடைபவர் வேறு, பெறுபவர் வேறாம்! நம் உரையாசிரியர்களே கைகட்டி நிற்க வேண்டிய நுட்பம். மார்ஷல் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் இதற்கு உடன்படவில்லை.

ஆனால் நூறு நாள் கூடக் கழியவில்லை. அக்டோபர் 2 அன்று, விமான நிறுவனங்கள் உடற்குறையின் பொருட்டு வேறுபாடு காட்டலாகாது என்னும் தனிச்சட்டத்தில் அதிபர் ரீகன் கையொப்பமிட்டார். 1990-இல் விரிவான விதிகள் வந்தன. தூக்கக்கூடிய கைப்பிடிகள், பெரிய விமானங்களில் மடக்கு நாற்காலி ஒன்றை உள்ளேயே வைக்க இடம் என அவை நீண்டன. மனிதரைப் பொறுத்தவரை கதவு திறந்தது.

நாற்காலியைப் பொறுத்தவரை? இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

விமானத்தின் வாயில் வரை அவர் தம் நாற்காலியில் வருகிறார். அங்கே ஊழியர் இருவர் அவரைத் தூக்கி, இருக்கைகளுக்கிடையே நுழையும் ஒடுங்கிய நாற்காலியில் வைத்து வாரால் கட்டி, பின்புறமாக இழுத்துச் சென்று, மீண்டும் தூக்கி இருக்கையில் வைக்கிறார்கள். முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் அவரே. அவருடைய நாற்காலியோ கீழே சரக்கறைக்குப் போகிறது. மடக்கக்கூடியதென்றால் பெரும் இடர் இல்லை. எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்னும் பொறியாளர் இருவர் 1930-களில் அமைத்த குழாய்ச்சட்ட மடக்கு நாற்காலி, காரில் ஏற்றுவதற்கென்றே பிறந்தது. 1968-இல் மிச்சிகனில் ஆலன் தீம் உருவாக்கிய மூன்று சக்கர பேட்டரி ஸ்கூட்டரும், அதன்பின் வந்த நூற்றைம்பது கிலோ மின் நாற்காலிகளும் அப்படியல்ல. போயிங் 737 விமானத்துச் சரக்கறைக் கதவின் உயரம் ஒரு மீட்டர் கூட இல்லை. நிமிர்ந்து நுழையாததைச் சாய்த்துத்தானே நுழைப்பார்கள்! கட்டுப்பாட்டுக் கோல் முறிகிறது. ஒருவருடைய முதுகெலும்பின் வளைவுக்கேற்ப அளவெடுத்துச் செய்த சாய்மானம் நசுங்குகிறது. ஒரு வேடிக்கையும் உண்டு. கழற்றிவிடும் வகை லித்தியம் மின்கலம் என்றால் தீ விபத்துக்கு அஞ்சி அதைப் பயணியோடு மேலே கொண்டுவரச் சொல்கிறார்கள். மின்கலத்துக்கு மேலே இடமுண்டு, நாற்காலிக்கு இல்லை.

எத்தனை நாற்காலிகள் இப்படிச் சிதைகின்றன என்று நெடுங்காலம் யாரும் எண்ணவே இல்லை. ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த செனட்டர் டாமி டக்வொர்த்தின் முயற்சியால்தான் 2018 டிசம்பரிலிருந்து நிறுவனங்கள் மாதந்தோறும் கணக்குக் காட்டத் தொடங்கின. முதல் முழு ஆண்டான 2019-இல் சேதமுற்றவை, தாமதமானவை, தொலைந்தவை சேர்த்து 10,548.

2021 ஜூலையில், வாஷிங்டனில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பிய செயற்பாட்டாளர் எங்ராசியா ஃபிகரோவாவின் நாற்காலி நொறுங்கிய நிலையில் வந்துசேர்ந்தது. பொருந்தாத மாற்று நாற்காலியில் அமர நேர்ந்ததால் படுக்கைப்புண் முற்றியது என்று அவர் சார்ந்த அமைப்பு அறிவித்தது. அக்டோபர் 31 அன்று அவர் காலமானார். பெட்டி உடைந்தால் யாரும் சாவதில்லை.

இழப்பீட்டில்தான் இலக்கணச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்காவுக்குள் பறக்கையில் நாற்காலி உடைந்தால் அதை வாங்கிய விலை வரை தர வேண்டும் என்பது விதி. கடலைக் கடந்துவிட்டால் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கை குறுக்கிடுகிறது. அதன் கணக்கில் அது ஒரு பயணப்பெட்டி. 2024 டிசம்பரில் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு, பன்னாட்டு நிதியத்தின் அலகில் 1,519. ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கட்டணம் செலுத்தியிருந்தாலன்றி அதற்குமேல் கேட்க இயலாது. அளவெடுத்துச் செய்த மின் நாற்காலியின் விலையோ பல்லாயிரம் டாலர். ஒரே நாற்காலி, ஒரே மனிதர். உள்நாட்டில் பாதி தற்கிழமை, வெளிநாட்டில் முழுப் பிறிதின்கிழமை.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் மீறப்பட்டால் பயணி தாமே வழக்குத் தொடரலாமா என்னும் வினாவுக்கும், 2001-க்குப் பின் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 'ஆகாது' என்றே விடை கூறின. போக்குவரத்துத் துறையிடம் புகார் எழுதலாம். தண்டிப்பது துறையின் வேலை. அத்துறை 2024 அக்டோபரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

பேருந்திலும் இரயிலிலும் செய்வதுபோல் நாற்காலியைத் தரையோடு பூட்டி, அவரை அதிலேயே உட்காரவைத்துப் பறக்க முடியாதா? அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2021-இல் இதை ஆராய்ந்து, கடக்கவே இயலாத தொழில்நுட்பத் தடை எதுவும் தென்படவில்லை என்றது. 2023 ஜூனில் ஹாம்பர்க் கண்காட்சியில் அப்படியோர் இருக்கையின் மாதிரி வைக்கப்பட்டது. வழக்கமான இருக்கையின் அடிப்பகுதியை மடித்து உயர்த்தினால், அவ்விடத்தில் மின் நாற்காலி வந்து பூட்டிக்கொள்ளும். அம்மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். இவ்வாண்டு வகுப்பில் 'முருகனது வேல்' வந்தபோது, அவள் கேட்ட கேள்வியை நானே கரும்பலகையில் எழுதிவைத்தேன்.