நோயா, நடிப்பா?

1945ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி பிற்பகல், ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலே சர்வதேச இராணுவ நீதிமன்றம் விசித்திரமானதொரு வினாவை ஆராய்ந்தது. நாசிக் கட்சியிலே ஹிட்லரின் பிரதிநிதியாய் விளங்கிய ருடோல்ப் ஹெஸ், தம் பழைய வாழ்வையே மறந்துவிட்டதாகச் சாதித்து வந்தார். நெடுநாளைய தோழரான கோரிங்கைச் சிறையிலே நேருக்கு நேர் நிறுத்தியபோதும், அவரை அறியேன் என்றார். செய்ததை நினைவுகூரமாட்டாத ஒருவன் தன் வழக்கை எவ்வாறு பேசுவான்? அவனைத் தண்டிப்பது முறையாகுமா? நடிக்கிறான் என்றாலோ, அவனை விடுவிப்பது கொடுமையினும் கொடுமை.

நான்கு வல்லரசுகளின் வைத்தியர்களும் ஹெஸ்ஸைப் பரிசோதித்திருந்தனர். அவர் சித்தசுவாதீனம் இழந்தவரல்லர். மனநெருக்கடியால் விளைந்த ஞாபக இழப்பு ஓரளவு உண்டு. அதை அவர் வேண்டுமென்றே மிகைப்படுத்துவதும் உண்டு. இதுவே அவர்கள் கருத்தின் சாரம். சட்டமோ ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையையே வேண்டி நின்றது.

ஹெஸ்ஸின் சட்டத்தரணி, தம் கட்சிக்காரர் விசாரணைக்குத் தகுதியற்றவர் என நெடுநேரம் வாதாடினார். அதன்பின் ஹெஸ் எழுந்தார். தம் ஞாபகம் சரியாகவே உள்ளதென்றும், மறதி ஒரு தந்திரமே என்றும், சட்டத்தரணியையும் அவ்வாறே ஏமாற்றியதாகவும் அறிவித்தார். பாவம், அந்தச் சட்டத்தரணி! மறுநாள், ஹெஸ் விசாரணைக்குத் தகுதியுடையவரென நீதிமன்றம் தீர்மானித்தது.

வினா இத்துடன் தீர்ந்ததா? இல்லை. 1941ஆம் ஆண்டு மே 10ஆந் திகதி சமாதானம் பேசவெனத் தன்னந்தனியே விமானமேறி ஸ்கொட்லாந்திலே குதித்தவர் ஹெஸ். பிரித்தானியரின் காவலில் இருந்த காலத்திலே, உணவில் நஞ்சு கலப்பதாக ஐயுற்று, உணவுத் துணுக்குகளைப் பொதிசெய்து முத்திரையிட்டு வைத்தார். ஆங்கும் 1945இன் தொடக்கத்தில், மறதி நடிப்பே என ஒருமுறை ஒப்புக்கொண்டார்; பின்னர் மீண்டும் மறந்தார். நூரம்பேர்க்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. சில மாதங்களுள் ஞாபகம் மறுபடியும் மங்கிற்று. நடித்தேன் என்ற வாக்குமூலத்தையே முழுதும் நம்பலாமா? நடிப்பு எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்கியதென அவரே அறிந்திருந்தாரோ என்பதும் ஐயத்துக்குரியது. நோயாளி நடிக்கமாட்டான் என்பதும், நடிப்பவனுக்கு நோயிராது என்பதும் பொதுமக்களின் எண்ணம். ஹெஸ்ஸிடம் இரண்டுமே இருந்தன.

1946ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆந் திகதி வழங்கிய தீர்ப்பிலே நீதிபதிகள் இதனை மறைக்கவில்லை. அவருடைய நடத்தை இயல்பற்றதாயிருப்பதும், விசாரணைக் காலத்தில் அவர் மனநிலை குன்றியதும் உண்மையாயிருக்கலாம் என்றனர். ஆயினும் குற்றச்சாட்டின் தன்மையை அவர் உணராதவர் என்பதற்குச் சான்றில்லை; குற்றம் இழைத்த காலத்தில் அவர் தெளிந்த புத்தியுடனேயே இருந்தார் எனக் கண்டு ஆயுட்சிறை விதித்தனர். 1987இல் தம் 93ஆவது வயதில் இறக்கும்வரை, பேர்லின் ஸ்பண்டாவ் சிறையிலே அவர் கைதியாகவே இருந்தார்.