டேட்டா ஃபோல்டரில் யார் கை வைப்பது?

ஸ்கைரிம் ஆடுற ரெண்டு பேர் சந்திச்சா இந்தச் சண்டை வந்தே தீரும்: மாட்களைக் கையால போடணுமா, மேனேஜர் வச்சுப் போடணுமா? வசதியைப் பற்றிய சண்டை மாதிரிதான் தெரியும். அதோட வரலாற்றைத் தோண்டினா, முடிவெடுக்கிற உரிமை யாருக்குன்னு ஒரு பெரிய தகராறு கிடைக்குது.

2002-ல் பெதஸ்டா மோரோவிண்டை வெளியிட்டப்போ, பிசி பதிப்போட கேமைத் திருத்துற கருவியையும் கொடுத்தது. ரசிகர்கள் புது வாள், புது வீடுன்னு செஞ்சு குவிச்சாங்க. போடுறது சுலபம்: ஜிப்பைப் பிரிச்சு டேட்டா ஃபோல்டர்ல கொட்டணும், அவ்வளவுதான். எடுக்கிறதுதான் தலைவலி. ரெண்டு மாட்ல ஒரே பெயர்ல ஒரு ஃபைல் இருந்தா, பின்னால வந்தது முன்னதை அழிச்சிடும். பின்னதை நீக்கினாலும் முன்னது திரும்பாது. அதனால எந்த ஃபைல் எங்கே போச்சுன்னு ஆடுறவங்களே கணக்கு வைக்கணும். அந்தக் கஷ்டத்துலயே கேமோட உள்கட்டமைப்பும் புரிஞ்சிடும்.

2006-ல் ஆப்ளிவியன் வந்ததும், அந்தக் கணக்கை ரை பாஷ் மாதிரி ரசிகர்களே எழுதின கருவிகள் ஏத்துக்கிச்சு. 2012 பிப்ரவரியில ஸ்கைரிமுக்கு ஸ்டீம் ஒர்க்‌ஷாப் திறந்தது. ஒரு பட்டனை அழுத்தினா மாட் தானா வரும், தானா அப்டேட்டும் ஆகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதி ஆட்டத்துல மாட் மாறினா, பல வாரம் ஆடின சேவ் கெட்டுப்போகலாம்.

எனக்குப் பிடிச்ச விடை, டானின் என்ற பெயர்ல ஒருத்தர் எழுதின மாட் ஆர்கனைசர். ஒவ்வொரு மாடையும் தனித்தனி ஃபோல்டர்ல வைக்கும், டேட்டா ஃபோல்டரைத் தொடாது. கேமை அதன் வழியா ஓட்டும்போது மட்டும் எல்லாம் டேட்டாவுக்குள்ள இருக்கிற மாதிரி கேமுக்குத் தோணும். எந்த மாட் ஜெயிக்கணும்னு பட்டியல்ல மேல கீழ நகர்த்தினா போதும். எடுபிடி வேலை மெஷினுக்கு, முடிவு நமக்கு.

அடுத்து 2021. ஒருத்தர் அடுக்கி வச்ச நூற்றுக்கணக்கான மாட்களை மொத்தமா இறக்கிக்கிற கலெக்‌ஷன் திட்டத்தை நெக்ஸஸ் மாட்ஸ் தளம் கொண்டுவந்தது. அதுல ஒரு ஃபைல் காணாமப் போனாலும் பட்டியல் உடையும். அதனால இனி எந்த ஃபைலையும் நிரந்தரமா அழிக்க முடியாது, காப்பகத்துக்குத்தான் போகும்னு ஜூலையில அறிவிச்சாங்க. ஆடுறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா என் மனசு செஞ்சவங்க பக்கம்தான் சாயுது. சம்பளம் வாங்காம செஞ்ச பொருளைத் திரும்ப எடுத்துக்கிற உரிமை மட்டும்தானே அவங்க கையில இருந்தது?

விருப்பமில்லாதவங்க தங்கள் ஃபைல்களை மொத்தமா எடுத்துக்க ஆகஸ்ட் 5 வரை கெடு கொடுத்தாங்க. சிலர் பல வருஷ உழைப்பை அள்ளிக்கிட்டுக் கிளம்பினாங்க.