இரண்டு கடைமடைகள்

பனமலைக் குன்றில், தாளகிரீஸ்வரர் கோயில் பாறைமேல் நின்றால் ஏரி கண்ணுக்குள் அடங்கிவிடும். கரை எது, நீர்ப்பிடிப்பு எது, வயல் எங்கே தொடங்குகிறது என்று விரல் நீட்டிச் சொல்லலாம். மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஈரநிலத்தைப் பார்க்க அப்படியொரு குன்று இல்லை. விரல் நீட்டிக் காட்ட நிலையான கரையும் இல்லை. ஐப்பசி மழையில் கடலாக விரியும் நீர், கோடையில் பின்வாங்கி மாடு மேயும் தரையாகிவிடுகிறது. பலரும் கூடி இயற்கையை மீட்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், விழுப்புரம் மாவட்டத்தின் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும்.

கரை தெளிவாக இருந்தால் கூட்டத்துக்கு யார் யார் வர வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டப்படி, ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள்தான் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம். தேர்தல் உண்டு, தலைவர் உண்டு. 2017இல், ஏரிகளை ஊரார் பங்களிப்போடு செப்பனிடும் குடிமராமத்து திரும்ப வந்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ விவசாயிகள் ஏற்க வேண்டும் என்று அரசால் கேட்க முடிந்ததற்குக் காரணம், யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்ததுதான்.

கழுவெளியில் அந்தப் பட்டியலை எழுதவே கை தயங்கும். வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடிப்பவர், உப்பளத் தொழிலாளி, மாடு மேய்ப்பவர், ஓரத்தில் நெல் நடுபவர் எல்லாருக்கும் அதில் ஒட்டு உண்டு. ஒருவருக்கு வேண்டிய நன்னீர் இன்னொருவரின் உப்புப் பாத்திக்கு ஆகாது. ஏரியில் உரிமை முதலில் இருந்தது, அமைப்பு பிறகு வந்தது. சரணாலயத்திலோ முதலில் எல்லை. மக்களின் உரிமையை ஆட்சியர் விசாரித்து முடிவு செய்வது அதற்குப் பின் என்பதே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் வழி.

இதை வைத்து ஏரிச் சங்கமே மேல் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. நிலமில்லாதவருக்கு அங்கே இடமில்லை. ஏரிக்குள் ஆடு ஓட்டுபவர், கோரை அறுப்பவர், பட்டா கணவர் பெயரில் இருப்பதால் வயலிலேயே நாளைக் கழித்தும் உறுப்பினராகாத பெண் ஆகிய எல்லாரும் கரைக்கு வெளியேதான். நீர்க்காகமும் அப்படியே. சரணாலயத்தில் காட்சி தலைகீழ்: பூநாரைக்கு முதல் மரியாதை, வலை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பு. இரண்டு ஏற்பாடுகளும் யாரோ ஒருவரை வாசலில் நிறுத்தித்தான் கதவைத் திறக்கின்றன.

இவ்வளவு மாறுபட்ட இரண்டுக்கும் உள்ள உறவு நான் எதிர்பாராதது. இரண்டுமே கடைமடை. கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், 36 ஏரிகளுக்கு நீர் தரவென்று வெட்டப்பட்டது. அந்த வரிசையில் பனமலை ஏரி கடைசி. கழுவெளியோ ஏறத்தாழ இருநூறு ஏரிகளின் உபரி ஓடைகளில் இறங்கி வந்து சேரும் இடம். அதைத் தாண்டினால் எடையன்திட்டுக் கழிமுகமும் கடலும்தான். மேலே ஓர் ஊரில் உபரி நீர் வழியும் கலங்கலின் மேல் நான்கு மணல் மூட்டைகளை அடுக்கினால் போதும், அந்த ஏரியில் அரை அடி கூடும். அடுக்கியவர் தன் ஊருக்கு நல்லதுதான் செய்கிறார். அந்த அரை அடி பனமலைக்கு வராவிட்டால் ஒரு போகம் போகும். கழுவெளிக்கு வராவிட்டால் உப்பு ஏறும், நன்னீரை நம்பிய மீனும் புல்லும் இடம் மாறும்.

கழுவெளிப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் மேல் ஏரிகளின் இந்தப் பங்கைப் புரிந்துகொண்டார்கள். ஆரோவில்லின் பால்மிரா அமைப்பு அந்த வடிநிலத்தில் மேல் ஏரிகளின் சங்கங்களைக் கூட்டி, தூர் வாரி, கரை பலப்படுத்தும் வேலையில் இறங்கியது. ஈரநிலத்துக்கான வழி ஏரிச் சங்கத்தின் வழியாகவே போயிற்று. 

கழுவெளி அறிவிக்கப்பட்ட அதே 2021இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் சட்டம், வட்டாரம்தோறும் இயற்கை மீட்புத் திட்டம் வேண்டும் என்றது. அதற்கென நாட்டை 48 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். கோடுகள் பெரும்பாலும் உள்ளாட்சி எல்லையை ஒட்டியே போயின, நீரின் வழியை ஒட்டி அல்ல. நமக்கும் அதே சிக்கல்தான். நந்தன் கால்வாயின் தலை திருவண்ணாமலை ஆட்சியரிடம், வால் விழுப்புரம் ஆட்சியரிடம்.

ஆகவே கூட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுவெளிக்கான கூட்டத்தில் மேல் ஏரிச் சங்கத் தலைவர்களையும், பனமலைக்கான கூட்டத்தில் கீரனூர்க்காரர்களையும் உட்கார வையுங்கள். அதுவும் புரட்டாசிக்குள். மழை பிடித்து, கலங்கலில் மூட்டை ஏறிவிட்டால் பிறகு அதை யாரும் இறக்குவதில்லை.