கல்மரம் வயசு சொல்லாது

சென்னையிலிருந்து எங்க பெரம்பலூர் பக்கம் வர்றவங்க முதல்ல கேட்கிறது சாத்தனூர் கல்மரத்தைத்தான். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டியது. 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்குது. புதைஞ்ச மரத்துக்குள்ள தண்ணியோட சிலிக்கா இறங்கி, உருவம் மாறாமலே கல்லாயிடுச்சு. பார்க்க வேண்டியதுதான். ஆனா இந்தப் பூமியோட வயசைக் காட்டிக்கொடுத்தது அந்த மரம் இல்லை.

அது அம்மோனைட். கடா ஆட்டுக் கொம்பு மாதிரி சுருண்ட ஓட்டுக்குள்ள வாழ்ந்த, கணவாய்க்குச் சொந்தமான கடல் உயிர். காரை பக்கம் மழை அறுத்த ஓடைகள்ல கிடைக்கும். பல கற்கள்ல ஓடே இருக்காது, கரைஞ்சு போயிருக்கும். உள்ள புகுந்த சேறு மட்டும் இறுகி நிக்கும். அச்சு வெல்லம் மாதிரின்னு வெச்சுக்கங்க. அச்சை எடுத்த பிறகும் வடிவம் வெல்லத்துல இருக்குமே, அதே கதைதான்.

இதை ஏன் நம்பலாம்? உழுற நிலத்துல சோழர் காசு கிடைச்சா, அந்த மண்ணு எந்தக் காலத்துதுன்னு ஓரளவு தெரியும். அம்மோனைட்டும் அப்படித்தான். உலகத்துக் கடலெல்லாம் பரவியிருந்தது. ஒரு வகை வந்து சீக்கிரமே மறையும், அடுத்தது வரும். 'சீக்கிரம்'னா புவியியல் கணக்குல சில லட்சம் வருசம்! இப்படிப்பட்டதைக் குறியீட்டுப் புதைபடிவம்னு சொல்றாங்க.

1840-களில் காய், கன்லிஃப்னு ரெண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கின கற்கள் லண்டனுக்குப் போச்சு. அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஐரோப்பிய ஓடுகளோட ஒப்பிட்டு, 1846-ல் இது கிரெட்டேசியக் காலம்னு சொன்னார். அதாவது 14.5 கோடியிலிருந்து 6.6 கோடி வருசத்துக்கு முந்தைய காலம். 1862-ல் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணாப் பிரிச்சார். மேற்கேயிருந்து கிழக்கே போகப் போக வயசு குறையும். ஸ்டோலிச்கா ஒவ்வொரு ஓடாப் படம் போட்டு விவரிச்சார். ஊட்டத்தூர் பேரு உலகப் புவியியல் புத்தகத்துல ஏறினது இப்படித்தான்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி உங்க ஃபிளாட் சுவரு வரைக்கும் வந்தாச்சு. அதை நான் நிறுத்த முடியாது. ஆனா காரைக்கு வர்றவங்க பையில ரெண்டு கல்லைப் போட்டுக்கிட்டுப் போறாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். எந்த அடுக்குல கிடந்ததுன்னு தெரியாத அம்மோனைட் பாதி ஊமை. படம் எடுத்துக்கங்க, கல்லு கிடக்கட்டும். அங்கே நிழல் கிடையாது, தண்ணி கொண்டு வாங்க.