கமுதியில் பிறந்த தீர்ப்பு

பாஞ்சாலங்குறிச்சிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கோட்டையைப் பார்க்கிறார்கள். கட்டபொம்மன் கதையைக் கேட்கிறார்கள். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்குவது செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பை அவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர், இந்தக் கரிசல் வட்டாரத்தில் கிளம்பி லண்டன்வரை போன ஒரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும்.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி மதுரை சப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1899இல் ராஜா ஜெயித்தார். கோயிலில் இருந்துவரும் வழக்கமே சட்டமாயிற்று.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ராஜாவே சமரசத்துக்கு இறங்கினார். நாடார்களை உள்ளே விடச் சம்மதித்தார். நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. பாஸ்கர சேதுபதி 1903இல் மறைந்தார். 1908இல் ‘சங்கரலிங்க நாடான் எதிர் ராஜராஜேஸ்வர துரை’ என்ற பெயரில் அந்த வழக்கை, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் முடித்துவைத்தது: ஆகமமும் வழக்கமும் அனுமதிக்காதவர்களை உள்ளே விடுவது அறங்காவலர் செய்யும் நம்பிக்கைத் துரோகம். வழக்குப் போட்டவர் மனம் மாறியும் கதவு திறக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்டோரையும் ஒரு நாடாரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார். 1947இல் சென்னை மாகாணம் ஆலய நுழைவுச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து முல்கி வெங்கடரமணர் கோயில் தரப்பு உச்ச நீதிமன்றம் போனபோது, கமுதித் தீர்ப்பும் டெல்லி சேர்ந்தது.

1957இல் அதை எடுத்துப் படித்தவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம ஐயர். கோயிலுக்குள் யார் வரலாம் என்பது சமய விஷயம்தான் என்று பழைய தீர்ப்பின் அடிப்படையை ஒப்புக்கொண்டார். ஆனால் பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு அதற்கு மேல் நிற்கிறது என்றார்.

ஜெயித்த வழக்குகளை மட்டும் படித்தால், நீதிமன்றம் எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றதாகப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். வழக்கத்தைக் காத்த நீதிமன்றம் நியாயத்தின் பக்கம் நிற்க, வேறொரு சட்டத்தை மக்கள்தான் எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர்களே, கமுதியையும் கரும்பலகையில் எழுதுங்கள்.