மறுபடியும் வந்த பேதி

1984-இல் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருந்தேன். கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காடு மாவட்டம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எட்டு மாதம். வாந்தியும் பேதியும் வந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. "ஒருதரம் வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே வராது சார்" என்றார் பாட்டி. அம்மை போலத்தான் இதுவும் என்று நானும் தலையாட்டினேன்.

நான்கு மாதத்தில் மறுபடியும் வந்தது. பேதி நிற்கட்டும் என்று தண்ணீரைக் குறைத்தார்கள். தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது.

அது எந்தக் கிருமி என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகளின் கடும் பேதிக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸை 1973-லேயே மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்திருந்தார்கள். சக்கரம் போல இருப்பதால் இந்தப் பெயர். மேலோட்டிலுள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி, பி என்று எண் போட்டு வகை பிரிக்கிறார்கள். அதன் மரபணு 11 துண்டுகளாக இருக்கிறது. ஒரே குழந்தையை இரண்டு வகை தாக்கினால், சீட்டுக்கட்டு கலைவது போலத் துண்டுகள் கலந்து புது வகை பிறக்கலாம்.

"இனிமே வராது" என்பதற்குப் பதில் நம் வேலூரில் கிடைத்தது. சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்குக் கடும் பேதி வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். வகைகள் பல என்பது மட்டும் காரணமில்லை. அதிகம் காணப்பட்ட ஜி1பி8 வகை ஒருமுறை வந்தும், அதே வகையை மறுமுறை தடுக்கவில்லை.

1980-களில் டெல்லியில், பேதியே இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் ஒரு வகை கிடைத்தது. மனித வைரஸில் மாட்டு வைரஸின் துண்டு கலந்தது. அதிலிருந்துதான் நம் நாட்டுச் சொட்டு மருந்து ரோட்டாவாக் உருவானது. வேலூரிலும் அதைச் சோதித்தார்கள். கடும் பேதியைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. அரசுத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து 2016-இல் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 6, 10, 14 வாரங்களில் இலவசம்.

பேரப்பிள்ளைகளுக்குத் தவறாமல் போடச் சொல்லுங்கள். போட்டாலும் பேதி வரலாம். வந்தால் தண்ணீரை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். அன்று தலையாட்டியவன் சொல்கிறேன்.